சம்பா வயல்ல எலி மருந்து, வீட்டுல தத்து நாய்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நீடாமங்கலம் பக்கத்துல ஒரு கிராமம். அறுபதைத் தாண்டுன தம்பதி, பையன் திருப்பூர்ல வேலை, பொண்ணு கல்யாணமாகிப் போயாச்சு. கொஞ்சம் நஞ்சை, ரெண்டு மாடு, வீட்டுக்குப் பின்னாடி கொல்லை, கொல்லைப் படலைத் தாண்டுனா நேரா வயல்தான். பம்ப்செட்டு கேபிளை யாரோ அறுத்துட்டுப் போயிட்டாங்க, அதுக்கப்புறம் ஒரு நாய் இருந்தா தேவலன்னு முடிவு பண்ணி பையன் மூலமா எங்ககிட்ட வந்தாங்க. நாங்கன்னா பெரிய அமைப்பெல்லாம் இல்ல, கும்பகோணம் சுத்துவட்டாரத்துல தெருநாய்களுக்கு வீடு பாத்துக் குடுக்குற நாலஞ்சு பேர்.

பெரியவர் கேட்டது ராஜபாளையம் குட்டி, பையன் சொன்னது லேப்ரடார். ரெண்டுமே வேணாம்னு சொன்னோம். அந்த வயசுல ரெண்டு பேர் மட்டும் இருக்குற வீட்டுக்குக் குட்டி சரிப்பட்டு வராது, ராத்திரி பூரா கத்தும், மாட்டுக் கால்ல போய் மிதிபடும், ஆறெட்டு வாரத்துல ஆரம்பிச்சு 16 வாரம் வரைக்கும் மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவ ஊசிக்குத் தூக்கிட்டு அலையணும், நடுவுல பார்வோ வந்துச்சுன்னா வாந்தியும் ரத்தக்கழிச்சலுமா ரெண்டு மூணு நாள்ல கைய விட்டுப் போயிடும். வளந்த நாய்னா குணம் என்னன்னு முன்னாடியே தெரியும், என்னைக் கேட்டா வயசானவங்களுக்கு அதுதான் முதல் தகுதி.

அப்ப எங்க கையில ஒரு பொட்டை நாட்டு நாய் இருந்துச்சு. ரெண்டு வயசு இருக்கும், செவலை நிறம், பேரும் செவலைதான். ஒரு டீக்கடை வாசல்ல வளந்தது, கடைய மூடிட்டதால போக்கிடம் இல்லாம நின்னுச்சு. ஜூலை 6 விலங்குவழி நோய் தினத்துக்குப் போடுற முகாம்லயே அதுக்கு வெறிநோய் தடுப்பூசி போட்டாச்சு. எலி வழியா வர்ற லெப்டோவும் சேந்த கூட்டுத் தடுப்பூசியும் போட்டோம், வயல்காட்டு வீட்டுக்கு அது ரொம்ப முக்கியம், எலி மூத்திரம் கலந்த தண்ணியில நாய் தினமும் கால் வைக்கும்ல. பூச்சி மருந்தும் குடுத்து ஆவணியில கொண்டு போய் விட்டோம்.

வீடு பாக்கப் போனப்ப எல்லாரும் கேக்குற கேள்விகள்தான் அவங்களும் கேட்டாங்க. கட்டிப் போடலாமா? பகல்ல கொஞ்ச நேரம் கட்டுங்க, ராத்திரி அவுத்து விடுங்க, 24 மணி நேரமும் கட்டிக் கிடக்குற நாய்தான் கடிக்கிற நாயா மாறும். சோறு? நம்ம சோறே போதும், முட்டை, முள்ளு எடுத்த மீன், தயிர் சேத்துக்கங்க, ஆனா சின்ன வெங்காயம் போட்ட சாம்பாரைப் பிசைஞ்சு வைக்காதீங்க, வெங்காயம் நாயோட ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். அந்தம்மா இதைக் கேட்டுட்டு, "எங்க வீட்டுல வெங்காயம் இல்லாத கொழம்பே கெடையாதே தம்பி"ன்னாங்க. அப்ப சோத்தைத் தனியா எடுத்து வச்சுடுங்கம்மான்னு சொல்லிட்டு வந்தோம்.

முதல் நாலு மாசம்

பெருசா சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. மொதல்ல மாட்டைக் கண்டு பயந்துச்சு, அப்புறம் மாட்டுக் கொட்டாய்லயே படுக்க ஆரம்பிச்சுச்சு. பெரியவர் காலையில மடை பாக்கப் போனா கூடவே வரப்புல ஓடும். ஐப்பசியில சீசனுக்கு வந்தப்ப தெருவுல இருக்குற கடுவன் நாயெல்லாம் படல்கிட்ட வந்து நின்னு ஒரே ரகளை, பக்கத்து வீடுகள்ல முணுமுணுப்பு. அதோட கருத்தடை பண்ணிடலாம்னு முடிவாச்சு. குட்டி போடாதுங்கறது மட்டும் இல்ல, வயசான பொட்டை நாய்ங்களுக்குக் கர்ப்பப்பையில சீழ் வைக்கிற தொல்லையும் இதோட ஒழியும். சீசன் முடிஞ்சு ரெண்டு மாசமாவது ஆகட்டும், அப்பதான் கர்ப்பப்பைக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கியிருக்கும்னு கும்பகோணத்துல இருக்குற கிளினிக் டாக்டரம்மா சொன்னதால மார்கழி கடைசிக்குத் தேதி வாங்குனாங்க. பெரியவருக்குத்தான் மனசில்ல, ஆபரேஷன் பண்ணா சோம்பேறியாயிடும், காவல் காக்காதுன்னு. சாப்பாட்டை அளவா வச்சா அதெல்லாம் ஆகாது.

இதுக்கு நடுவுல செவலை எலி பிடிக்கப் பழகிடுச்சு. வரப்புல வளையைத் தோண்டி, எலி வெளிய வந்ததும் கவ்வி உதறி, அங்கயே தின்னுடும். பெரியவர் போன்ல பேசுறப்பல்லாம் இதைத்தான் பெருமையா சொல்வாரு.

மார்கழியில கண்டது

சம்பா கதிர் வாங்குற நேரம் எலிக்குத் திருவிழா மாதிரி. பொதி கட்டுன தூரை அடியோட வெட்டிப் போட்டுட்டுப் போகும், காலையில போய்ப் பாத்தா வயலுக்கு நடுவுல வட்டமா சாஞ்சு கிடக்கும். அதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு கிட்டி, மூங்கிலை வளைச்சுக் கட்டி சாயந்தரம் வச்சுட்டு விடியக்காலையில எடுக்குறது, தஞ்சாவூர் கிட்டின்னு வெளியூர்லயும் பேர் வாங்குனது. இன்னொண்ணு மருந்து. இந்த ரெண்டாவதுலதான் விஷயம்.

ஆபரேஷனுக்கு நாலஞ்சு நாள் முன்னாடி செவலை முன்னங்கால் ஒண்ணை நொண்டுச்சு. முள்ளு குத்தியிருக்கும்னு பாத்தாங்க, முள்ளு இல்ல. பெரியவர் தன்னோட மூட்டுவலி மாத்திரையில பாதியைச் சோத்துல வச்சுக் குடுக்கலாம்னு எடுத்துட்டாரு, அந்தம்மாதான் கேக்காம குடுக்காதீங்கன்னு தடுத்துட்டாங்க. அந்த ஒரு தடை இந்த நாயோட உயிரைக் காப்பாத்துனதுல பாதின்னு நான் நினைக்கிறேன், டைக்ளோபினாக், ஐபுப்ரோபன் மாதிரி மாத்திரைங்க நாயோட வயித்துல புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும், நல்ல நாய்க்கே ஆகாது.

அடுத்த நாள் சோறு பாதி. அதுக்கடுத்த நாள் வறட்டு இருமல் மாதிரி ரெண்டு மூணு தடவ. காதுல ஒரு உண்ணி ஒட்டிட்டு இருந்ததைப் பெரியவர் பிடுங்கிப் போட்டாரு, அந்த இடத்துல ரத்தம் துளிச்சுது. அழுத்திப் பிடிச்சாரு, நிக்கல, மஞ்சள் வச்சாங்க, அப்புறம் காபித்தூள் வச்சு அமுக்குனாங்க, காபித்தூளும் ஊறிக் கரைஞ்சு வழிஞ்சுது. சாயந்தரம் வரைக்கும் திண்ணையில சொட்டு சொட்டா கிடந்துச்சு. தெரிஞ்சவர் ஒருத்தர் உண்ணிக் காய்ச்சல்னு சொல்லி டாக்சிசைக்ளின் வாங்கிக் குடுத்தாரு. அந்தச் சந்தேகம் தப்புன்னு சொல்ல முடியாது. நம்ம பக்கம் நாய்க்கு ஈறு வெளுத்து ரத்தம் கசிஞ்சா பத்துல ஆறேழு பேர் உண்ணிக் காய்ச்சல்னுதான் சொல்வாங்க, உண்ணி கடிச்சு எர்லிக்கியாங்கற கிருமி தொத்துனா, ரத்தக்கசிவை அடைக்கிற தட்டணு (பிளேட்லெட்) எறங்கி மூக்குல ரத்தம் வர்றது உண்டு, அதுக்கு மருந்தும் டாக்சிசைக்ளின்தான்.

கிளினிக்ல நடந்தது

ஆபரேஷன் நாள் வந்துச்சு. தேதி வாங்கியாச்சேன்னு கூட்டிட்டு வந்துட்டாங்க, நானும் போயிருந்தேன். மேசையில ஏத்துனதும் டாக்டரம்மா மேல்உதட்டைத் தூக்கி ஈறைப் பாத்தாங்க, வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. அடிவயித்துல உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாரிச்சிருந்துச்சு, முடி இருந்ததால வீட்டுல யாரும் பாக்கல. இன்னைக்குக் கத்தி வைக்கிற பேச்சே இல்லன்னு சொல்லிட்டாங்க. வழக்கமா ஒரே நாள்ல வரிசையா பண்ற இடங்கள்ல ஈறைப் பாக்காம மயக்க ஊசி போட்டுட்டா இந்த நாய் மேசையிலயே போயிருக்கும்.

காய்ச்சல் இல்ல, 101 டிகிரி, நாய்க்கு அது இயல்புதான். எடை 16 கிலோ. ரத்தம் எடுத்துப் பாத்ததுல சிவப்பணு அளவு 21 சதவீதம், 37க்கு மேல இருக்கணும். தட்டணு 1 லட்சத்து 30 ஆயிரம். இங்கதான் டாக்டரம்மா நின்னாங்க. நாய்க்கு தட்டணு ரெண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழ எறங்குனதாலயே தானா ரத்தம் கசியாது, 50 ஆயிரத்துக்கும் கீழ போனாத்தான் அந்த மாதிரி ஆகும். அதுலயும் தட்டணு கொறைஞ்சா ஈறுலயும் தோல்லயும் கடுகு கடுகா சிவப்புப் புள்ளி வரும், இங்க புள்ளி இல்ல, பெரிய பெரிய கன்னிப்பு, மூட்டுக்குள்ள ரத்தம், நெஞ்சுக்குள்ள ரத்தம், இது உறையவைக்கிற சங்கதியிலயே கோளாறு. நொண்டுனதுக்கும் இருமுனதுக்கும் காரணம் அதுதான்.

அடுத்து கொஞ்சம் ரத்தத்தை ஒண்ணும் கலக்காத கண்ணாடிக் குழாய்ல ஊத்தி மேசை மேல நிக்க வச்சுட்டு 20 நிமிஷம் காத்திருந்தாங்க. பாம்புக்கடிக்கு அரசு ஆஸ்பத்திரியில பண்ற அதே சோதனை. 20 நிமிஷம் கழிச்சு சாய்ச்சுப் பாத்தா தண்ணியாட்டம் ஓடுது.

அப்ப கண்ணாடி விரியனா? வயல்காட்டு நாய், மார்கழி மாசம், கேக்க வேண்டிய கேள்விதான், விரியன் விஷமும் ரத்தத்தை உறைய விடாது. ஆனா விரியன் கடிச்சா கடிச்ச இடம் சில மணி நேரத்துல வீங்கிடும், நாய் துடிச்சிரும். இங்க வீக்கம் இல்ல, பல் தடம் இல்ல, நாலு நாளா மெல்ல மெல்ல வந்திருக்கு. மிச்சம் இருந்தது எலி மருந்துதான். டாக்டரம்மா நேரா பெரியவரைப் பாத்து, "ஐயா, வயல்ல எலிக்கு ஏதாவது வச்சீங்களா?"ன்னாங்க.

"நம்ம வயல்ல கிட்டிதாங்க. மருந்து வைக்கிறதே இல்ல."

"பக்கத்து வயல்ல?"

பெரியவர் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அவன் வப்பான்"னு மட்டும் சொன்னாரு. வரப்புத் தகராறு பழசு ஒண்ணு இருக்கும்போல. அவர் போனை எடுத்துப் பேசுன மொத வார்த்தையே "என் நாய்க்கு மருந்து வச்சது யாரு"ன்னு ஆரம்பிச்சிருந்தா அங்க பதில் வந்திருக்காது. அந்தம்மா போனை வாங்கிட்டு அந்த வீட்டு அம்மாவைக் கூப்பிட்டாங்க. "அண்ணி, யாரையும் குத்தம் சொல்லல. நாயை டாக்டர்கிட்ட வச்சிருக்கேன், என்ன மருந்துன்னு தெரிஞ்சாத்தான் ஊசி போட முடியுமாம். பாக்கெட்டை மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க." பத்து நிமிஷத்துல போட்டோ வந்துடுச்சு. புரோமடியலோன் 0.25 சதவீதம். கருவாட்டுத் தூளும் பொரியும் கலந்து, 49 பங்குக்கு ஒரு பங்கு மருந்துன்னு பிசைஞ்சு, ஒரு வாரமா வரப்பு வளையில வச்சிருக்காங்க. கருவாடு சேத்தா எலி மட்டுமா வரும்?

எந்த மருந்துன்னு தெரியறது ஏன் அவ்வளவு முக்கியம்னா, எலி மருந்து எல்லாம் ஒரே ஜாதி இல்ல. சிங்க் பாஸ்பைடுன்னு கறுப்புப் பொடி ஒண்ணு இருக்கு, அது வயித்துக்குள்ள போய் பாஸ்பீன் வாயுவா மாறி சில மணி நேரத்துல ஆளைத் தூக்கிடும், அதுக்கு மாத்து மருந்தே இல்ல, நாய் வாந்தி எடுத்தா பூண்டு வாடை அடிக்கும், அந்த வாயு பக்கத்துல நிக்கிற மனுஷனுக்கும் ஆகாது, அறைக்குள்ள வச்சுப் பாக்கக்கூடாது. புரோமடியலோன் வேற மாதிரி. ரத்தம் உறையத் தேவையான வைட்டமின் கே உடம்புல திரும்பத் திரும்பப் பயன்படுறதை அது நிறுத்திடும், ஏற்கனவே ரத்தத்துல இருக்குற உறைவுப் பொருள் தீர்ற வரைக்கும் ஒண்ணும் தெரியாது, மூணுல இருந்து அஞ்சு நாள் கழிச்சுத்தான் கசிய ஆரம்பிக்கும். அதனாலதான் வீட்டுல யாருக்கும் தின்னதும் சீக்குமா சேத்து யோசிக்கத் தோணல. செவலை இரையை நேரா தின்னுச்சா, மருந்து தின்ன எலியைத் தின்னுச்சான்னு உறுதியா சொல்ல முடியாது. ஒரு எலியில இருக்குறது கொஞ்சம்தான், ஆனா தினமும் தின்னா ஈரல்ல சேந்துட்டே போகும்.

எடுத்த முடிவுகள்

வாந்தி எடுக்க வைக்கல, அது தின்னு சில மணி நேரத்துக்குள்ள பண்ண வேண்டியது. வைட்டமின் கே1 உடனே ஆரம்பிச்சாங்க, தோலுக்கடியில மெல்லிய ஊசியில, நாலஞ்சு இடமா பிரிச்சு. சதையில போட்டா ரத்தம் கட்டிக்கும், நரம்புல போட்டா ஒவ்வாமை ஆபத்து. கழுத்துல ரத்தம் எடுக்கல, கழுத்துப்பட்டையையும் அவுத்தாச்சு, கழுத்துக்குள்ள கசிஞ்சு மூச்சுக்குழாயை அழுத்திடும்னு.

ரத்தம் ஏத்தணுமாங்கறதுதான் அன்னைக்குப் பெரிய கேள்வி. கே1 வேலை செய்ய அரை நாள், ஒரு நாள் ஆகும், அதுக்குள்ள நெஞ்சுல கசிவு கூடுனா தாங்காது. ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போயிடலாமான்னு பையன் போன்லயே பதறுனாரு. மூச்சு சீரா இருக்கு, இவ்வளவு தூரம் வண்டியில ஆட்டிட்டுப் போறதே கசிவைக் கூட்டும், காலையில மறுபடி பாப்போம், சிவப்பணு 18க்குக் கீழ எறங்குனா கிளம்பிடணும்னு டாக்டரம்மா சொன்னாங்க. ரத்தம் குடுக்க எங்ககிட்ட இருந்த ஒரு பெரிய நாயையும், ஒரு காரையும் ராத்திரி பூரா தயாரா வச்சிருந்தோம். காலையில 20. மறுநாள் காலையில 22. கார் தேவைப்படல.

மாத்திரை வாங்குறதுல ஒரு சங்கடம். கடைக்காரர் வைட்டமின் கேன்னு குடுத்தது கே3. அது இந்த விஷத்துக்கு உதவாது, திருப்பிக் குடுத்து கே1 தேடி ஊருக்குள்ள அலைஞ்சு கடைசியில தஞ்சாவூர்ல கிடைச்சுது. இந்த நாயோட எடைக்கு ஒரு நாளைக்கு 60 மில்லிகிராம், காலையில மூணு, ராத்திரி மூணு. அளவை ஒவ்வொரு நாய்க்கும் டாக்டர்தான் சொல்லணும். வெறும் வயித்துல குடுத்தா உடம்புல சேராது, கொழுப்போட குடுக்கணும்னதால அந்தம்மா பால் ஏட்டுலயும் முட்டை மஞ்சக்கருவுலயும் வச்சு உருட்டிக் குடுத்தாங்க. டாக்சிசைக்ளினை நிறுத்தல. உண்ணி ஒட்டியிருந்தது உண்மை, தட்டணுவும் கொஞ்சம் கம்மி, ரெண்டும் சேந்தும் இருக்கலாம்னு 28 நாள் முழுசும் குடுத்தாங்க. கண்ணாடித் தகட்டுல பாத்ததுல ஒண்ணும் தெரியலதான், ஆனா தெரியலங்கறதால இல்லன்னு ஆயிடாது.

அப்புறம் என்ன ஆச்சு

பத்தாம் நாளே செவலை பழையபடி ஆயிடுச்சு. பொங்கல் வந்துச்சு, பெரியவருக்கு அதைக் கட்டிப் போட மனசு வரல, மாத்திரையும் போதும், தின்னு தெம்பா இருக்கேன்னு ஆரம்பிச்சாரு. இந்த இடத்துலதான் நெறைய நாய்ங்க போகுது. புரோமடியலோன், வார்பரின்ங்கற பழைய எலி மருந்து மாதிரி ஒரு வாரத்துல வெளிய போற மருந்து இல்ல, ஈரல்ல வாரக்கணக்கா தங்கும், மாத்திரையை நிறுத்துன ரெண்டு மூணு நாள்ல மறுபடி கசியும். நாலு வாரம் முடிச்சு, நிறுத்தி ரெண்டு நாள் கழிச்சு மனுஷங்களுக்குப் பரிசோதனை பண்ற ஒரு லேப்ல உறைவு நேரம் பாத்தாங்க. இன்னும் நீண்டுதான் இருந்துச்சு. மறுபடி ரெண்டு வாரம் மாத்திரை. அடுத்த தடவ பாத்தப்ப சரி.

பங்குனியில கருத்தடை நடந்துச்சு. அன்னைக்குக் காலையிலயும் மொதல்ல கண்ணாடிக் குழாய்ல ரத்தம் எடுத்து உறையுதான்னு பாத்துட்டுத்தான் மயக்க ஊசி. தையல் இடத்துல சொட்டு ரத்தம் கூட இல்ல. செலவு மொத்தமும் பையன் பாத்துக்கிட்டாரு, ஒரு ராஜபாளையம் குட்டியை விட கூடுதல்னு பெரியவர் இன்னும் சொல்லிக் காட்டுறாரு.

பக்கத்து வயல்காரர் பங்குனிக்கு முன்னாடியே வந்து நாயைப் பாத்துட்டுப் போனாரு. அவர் வயல்ல ஆந்தை உக்கார குச்சியும் நட்டிருக்காரு, அதுக்குக் கீழயே விஷ இரையும் வச்சிருக்காரு, எலியைத் தின்ன வர்ற ஆந்தைக்கும் இதே கதிதான்னு சொன்னப்ப அது அவருக்கு நெஜமாவே உறைச்சுது.

என்ன மாறணும்

எங்க பக்கத்துல வீடு பாக்கப் போறப்ப கேக்குற கேள்வியில ரெண்டு சேத்திருக்கோம்: சுத்தி இருக்குற வயல்ல எலிக்கு என்ன பண்றாங்க, எந்த மாசம் பண்றாங்க. குறுவைன்னா புரட்டாசிக்கு முன்ன, சம்பா தாளடின்னா கார்த்திகையில இருந்து தை வரைக்கும். அந்த மாசங்கள்ல நாயை வரப்புக்கு அவுத்து விடாம கயித்துல பிடிச்சுட்டுப் போகணும். தத்துக் குடுக்குறப்ப தர்ற தாள்ல, ஊசி தேதிக்குக் கீழயே, ஈறு எந்த நிறத்துல இருக்கணும்னு எழுதிக் குடுக்குறோம், வாரத்துக்கு ஒரு தடவ உதட்டைத் தூக்கிப் பாத்தா போதும்.

மருந்து வைக்கிறவங்ககிட்ட வைக்காதீங்கன்னு சொல்லிப் பிரயோஜனம் இல்ல, அவங்க நெல்லு போகுது. வளைக்குள்ள கை விட்டு ஆழமா வச்சு மண்ணால மூடுங்க, இல்லன்னா மூங்கில் குழாய்க்குள்ள வைங்க, கருவாடு சேக்காதீங்க, காலையில செத்துக் கிடக்குற எலியைப் பொறுக்கிப் புதைங்க, பாக்கெட்டைத் தூக்கிப் போடாம பம்ப்செட்டு கொட்டாய்ல மாட்டி வைங்கன்னா கேக்குறாங்க. பக்கத்து வயல்காரர் அடுத்த போகத்துக்குக் கிட்டிக்காரங்களைப் பெரியவர்கூட சேந்து பேசியிருக்காரு, ரெண்டு வயலுக்கும் ஒரே நாள்ல வச்சாத்தான் எலி இங்கருந்து அங்க ஓடாது.

டாக்டரம்மா கருத்தடைக்கு வர்ற வயல்காட்டு நாய்ங்க எல்லாத்துக்கும் இப்ப அந்தக் கண்ணாடிக் குழாய் சோதனையைப் பண்றாங்க, 20 நிமிஷக் காத்திருப்பைத் தவிர அதுக்குச் செலவுன்னு ஒண்ணும் இல்ல. கே1 மாத்திரையும் கொஞ்சம் வாங்கி இருப்பு வச்சிருக்காங்க.

வாய்க்கூடு மட்டும்தான் இன்னும் முடிவாகல. கண்டதைக் கவ்வாம இருக்க, ஆனா மூச்சு வாங்கவும் தண்ணி குடிக்கவும் முடியுற மாதிரி கூடை மாதிரி இருக்குற வாய்க்கூடு ஒண்ணு வாங்கிக் குடுத்தோம். கதிர் அறுக்குற நேரம் கண்ணுக்குட்டிக்கு மாட்டுற பெரியவருக்கு நாய்க்கு மாட்ட மனசு வரல, திருடன் வந்தா எதை வச்சுக் கடிக்கும்னு கேக்குறாரு. ராத்திரி வீட்டுல இருக்கறப்ப வேணாம், வயலுக்குக் கூட்டிட்டுப் போறப்ப மட்டும் மாட்டுங்கன்னு அந்தம்மாகிட்ட சொல்லிட்டு வந்திருக்கோம்.